தேன்மொழி இருந்த பக்கம்

பின்னால் போகும் அம்புக்குறியைத் தொட்டிருக்கக் கூடாது என்பது தொட்ட பிறகுதான் சுகந்திக்குத் தோன்றியது. மருத்துவ அறிக்கை மறைந்துவிட்டது. அதற்கு முன்னால் இருந்த பக்கம், குழந்தையின் படம் இருந்த பக்கம், வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடை டேப்லெட்டின் திரை முழுக்க வெள்ளை. மேல் ஓரத்தில் மட்டும் ஒரு நீலக்கோடு எறும்பு மாதிரி கொஞ்ச தூரம் ஊர்ந்து வந்து, எதையோ மறந்துவிட்டதுபோல் நின்றுகொண்டது. மற்ற பக்கங்கள் இப்படிச் செய்வதில்லை. சமையல் குறிப்பு பார்த்துவிட்டுப் பின்னால் போனால் விட்ட இடத்திலேயே நிற்கும், வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தால் வதங்கிக்கொண்டேயிருக்கும். இந்தத் தத்தெடுப்புத் தளம் மட்டும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, நீ யார், இங்கே எதற்கு வந்தாய் என்று வாசலில் நிறுத்திக் கேட்பதுபோல. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தொட்டாக வேண்டும். எதையும் தொடாவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு குழந்தையை அடுத்த குடும்பத்துக்குக் காட்டிவிடுவார்கள். மணி நாலைத் தாண்டிவிட்டது. மருந்துக்கடையில் இந்த நேரத்துக்கு ஆள் அதிகம் வராது. முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவார். கடைக்கு முன்னால் சங்ககிரி ரோடு வெயிலில் கிடந்தது, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஒன்று தரை அதிரப் போயிற்று, அலமாரியில் டானிக் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கின. நீலக்கோடு நகரவில்லை. அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும். உதடு என்ன நிறம் என்று பார்க்க வேண்டும்.

நேற்றுக் காலையில் முதல்முறை பார்த்தபோது உதட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. எதைப் பார்த்தாள் அப்போது? தலை மொட்டை, புதிதாக அடித்த மொட்டை, அதனால் காது இரண்டும் பெரிய மனுஷர் காதுபோலத் தனியாக நின்றன. மஞ்சள் கவுன், அளவு பெரியது, ஒரு தோளில் நழுவியிருந்தது. மஞ்சளா, அல்லது வெளுத்துப்போன ஆரஞ்சா? மஞ்சள்தான். படத்துக்கு வெளியிலிருந்து ஒரு கை வந்து முழங்கையைப் பிடித்திருந்தது, கண்ணாடி வளையல் போட்ட கை. குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை, இடது பக்கத்தில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா தெரியாத இடத்தில் வாய் நின்றிருந்தது. அந்த வாய் அப்படியே ஞாபகம் இருக்கிறது. நிறம் மட்டும் இல்லை. நினைத்துப் பார்த்தால் சிவப்பாக வருகிறது, இன்னொரு முறை நினைத்தால் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி வருகிறது, இரண்டும் அவளே பூசுகிற நிறம். பெயர் தேன்மொழி என்று போட்டிருந்தது, வயது ஒன்றரைக்கு மேல். இந்தக் காலத்தில் யார் இந்தப் பெயரை வைக்கிறார்கள்? அந்த வளையல் கைக்காரிதான் வைத்திருப்பாள், பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்த யாரோ ஒருத்தியின் பெயராக இருக்கும். நேற்று இந்தப் பெயரை அவள் புருஷன் நல்லசிவம் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். பல் துலக்கிக்கொண்டே ஒருமுறை, வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஒருமுறை. அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு சொன்னான். நான்கு வருடம் காத்திருந்து வந்த பெயர். அதற்கு முன்னால் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்ததும், வயிற்றில் தங்கின இரண்டும் தங்காமல் போனதும், அந்தக் காத்திருக்கும் அறையில் மீன்தொட்டிக்குள் ஒரே மீன் ஒரே கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்ததும், அதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. எதற்கு அந்த மீன் இப்போது. கோடு கொஞ்சம் நகர்ந்ததா? நகர்ந்தது. இல்லை, விளக்கு வெளிச்சம்.

நேற்று மருத்துவ அறிக்கை ஃபோனில் திறக்கவில்லை. நல்லசிவம் தன் லேத் பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் சொல்லிக் கம்ப்யூட்டரில் திறந்து படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லாமல் படுத்துவிட்டான். அவளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான் என்று பயம். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, அவளைப் பார்க்காமல், இதயத்தில் ஓட்டை என்று போட்டிருக்கிறது, வேண்டாம் என்று அமுத்திவிடு என்றான். அவள் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "என்னால முடியாது சுகந்தி, இன்னொருக்கா அப்பிடித் தூக்கீட்டு வர என்னால முடியாது" என்றான். சாப்பிடாமல் போய்விட்டான். இன்னொருக்கா என்று அவன் சொன்னது கவினை. அவன் தங்கச்சி பையன். மூன்று வயதில் அவனுக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தபோது நாள் கடந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து, வீட்டுக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வருவதற்குள் தங்கச்சி புருஷன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் இருந்தான், நல்லசிவம்தான் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். லிஃப்டுக்கு நிற்கவில்லை. சுகந்தி பின்னாலேயே இறங்கினாள், அவன் தோளுக்கு மேலே கவினின் முகம் தெரிந்தது, ஒவ்வொரு படிக்கும் தலை ஆடியது, தூங்குகிற குழந்தைக்கு ஆடுவதுபோலத்தான். ஒரு திருப்பத்தில் அவன் நின்று, குழந்தையின் சட்டை மேலே ஏறியிருந்ததைக் கீழே இழுத்துவிட்டான், குளிரும் என்பதுபோல. அதன் பிறகு அவன் யார் குழந்தையையும் தூக்கியதில்லை. சொந்தத்தில் காதுகுத்து, சீர் என்று போனால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். நான்கு வருடத்துக்கு முன்னால் தத்தெடுக்கலாம் என்று சொன்னதும் அவன்தான். அதை நினைத்தால் அவளுக்கு இன்றுவரை ஆச்சரியம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கிற ஆள் சொன்னான்.

அவள் நாள் முழுக்க அறிக்கையைத் திறக்கவில்லை. டேப் கடையுடையது, மருந்து ஆர்டர் போடுவதற்கு வைத்தது, பழசு, ஒரு மூலையில் கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிந்திருக்கும். காலையிலிருந்து அதைத் தாண்டித் தாண்டிப் போனாள். ஆர்டர் போட்டாள், காலாவதியான அட்டைகளைப் பிரித்து வைத்தாள், தேவையில்லாமல் இருமல் மருந்து வரிசையைத் துடைத்தாள். நாலு மணிக்குத்தான் திறந்தாள். படத்தை அவசரமாகத் தாண்டி, மருத்துவ அறிக்கை என்று எழுதியிருந்த இடத்தைத் தொட்டாள். படித்தாள். கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை, நடுத்தர அளவு, எடை குறைவு, அறுவை சிகிச்சை பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும். அது வரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் கீழே கொடுத்துவரும் மருந்துகள் என்று இரண்டு பெயர். அந்த இரண்டு பெயரைப் பார்த்ததும்தான் தலை தானாக அலமாரிப் பக்கம் திரும்பியது. இரண்டும் அவளுக்கு வலது பக்கம் மேல் தட்டில் இருக்கிறவை. உடம்பில் நீர் கோக்காமல் இருக்க ஒரு சிரப், துடிப்பைச் சீராக்க ஒரு சொட்டு மருந்து. அறிக்கை என்ன வேண்டுமானாலும் மெதுவாகச் சொல்லட்டும், நடுத்தரம் என்றோ பின்னர் என்றோ எழுதட்டும், இந்த இரண்டையும் சும்மா யாரும் எழுத மாட்டார்கள். இதயம் திணறுகிறது என்றால்தான் எழுதுவார்கள். இந்த இரண்டையும் சேர்த்து வாங்க மாதாமாதம் ஒருத்தர் வருவார், பவர்லூம் ஓட்டுகிறவர், காதுக்குள் பஞ்சு இருக்கும், சட்டைப் பையில் சீட்டை நாலாக மடித்து வைத்திருப்பார். குழந்தை பெயர் கேட்டதில்லை. பாப்பா எப்படி இருக்குதுங்க என்று கேட்டால் விளையாடுதுங்க என்பார். ஒரு வருடத்துக்கு மேல் வந்தார். பிறகு வரவில்லை. ஆபரேஷன் நடந்து நல்லாகிவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், மருந்து வாங்க வர மாட்டார்கள். அது ஒன்று. இன்னொன்றுக்கும் வர மாட்டார்கள். மேல் தட்டில் அந்தச் சிரப் பாட்டில் அதன் பிறகு நாள்பட நின்று, தேதி முடிந்து, அவளே திருப்பி அனுப்பினாள். அவரை எங்காவது வழியில் பார்த்தால் கேட்கலாம் என்று நினைத்தாள். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். பார்த்ததும் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்கவில்லை. அவர் தனியாக நின்றாரா, பக்கத்தில் குழந்தை நின்றதா, அதைக்கூடப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

அறிக்கையைப் படித்ததும் உதட்டைப் பார்க்க வேண்டும் என்று கை தானாக அம்புக்குறியைத் தொட்டுவிட்டது. கவினுக்கு உதடு நீலமாக இருக்கும், நகத்தடியும் நீலமாக இருக்கும். ஐஸ் தின்றாயா என்று ஊரில் கேட்பார்கள். ஆனால் தேன்மொழிக்குப் போட்டிருக்கிற ஓட்டை வேறு வகை, அதில் உதடு சுலபத்தில் நீலமாகாது, முற்றிப் போனால்தான் ஆகும். இது சுகந்திக்குத் தெரியும். படித்தது, பரீட்சையில் எழுதியது. அப்படியானால் உதடு சிவப்பாக இருந்தால் என்ன தெரியப் போகிறது? ஒன்றும் தெரியப் போவதில்லை. நீலமாக இருந்தால் தெரியும். நீலமாக இருந்தால் முடிந்தது. அதைத்தான் பார்க்கத் துடிக்கிறாளா? முடிந்தது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் என்றா? வேண்டாம் என்பதை அவள் விரல் தொட வேண்டியதில்லை, அந்த உதடே சொல்லிவிடும் என்றா? சீ. கோடு மறைந்துவிட்டது. வெள்ளையும் போய், பயனர் பெயர், கடவுச்சொல் என்று இரண்டு கட்டங்கள் வந்து நின்றன. வெளியே தள்ளிவிட்டது. மணி நாலரை ஆகப் போகிறது. கடவுச்சொல் நல்லசிவம் வைத்தது, பட்டறையின் பெயரும் வண்டி நம்பரும். அடித்தாள். ஒரு எழுத்து தப்பு. மறுபடி அடித்தாள். அப்போது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து கல்லா முன்னால் நின்று, காய்ச்சலுக்கு மருந்து கேட்டாள். சுகந்தி டேப்பைப் பார்த்தபடியே எழுந்தாள். குழந்தைக்கு வயது என்ன, எடை என்ன என்று கேட்டாள், அந்தப் பெண் சொன்னது காதில் விழுந்து எங்கேயோ போயிற்று. தட்டிலிருந்து எடுத்துக் கல்லாவில் வைத்தபோதுதான் பார்த்தாள், சின்னக் குழந்தைக்கான சொட்டு மருந்துக்குப் பதிலாகப் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பை வைத்திருக்கிறாள். பதினாறு வருட வேலையில் இப்படிச் செய்ததில்லை. மாற்றி எடுத்தாள், அளவை அட்டையில் எழுதினாள், எழுதியதை இரண்டு முறை படித்துக் காட்டினாள். அந்தக் குழந்தை காய்ச்சலில் கண்ணைச் சொருகிக்கொண்டு அவளையே பார்த்தது. உதடு வறண்டு, சிவந்து இருந்தது. காய்ச்சல் சிவப்பு. சில்லறை கொடுத்தாள். அவர்கள் படி இறங்குகிற வரைக்கும் திரையைப் பார்க்காமல் இருந்தாள், பார்க்காமல் இருந்தால் வந்துவிடும் என்று. சின்ன வயதில் பால் பொங்குவதற்கு இப்படித்தான் திரும்பிக்கொண்டு நிற்பாள்.

திரும்பியபோது பக்கம் பாதி வந்திருந்தது. மேலே அவர்கள் இரண்டு பேருடைய பெயர், பதிவு எண், அதற்குக் கீழே படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். படம் மேலேயிருந்து கீழாக இறங்க ஆரம்பித்தது. முதலில் பின்னால் இருந்த சுவர், சுண்ணாம்பு அடித்தது. பிறகு மொட்டைத் தலை. உச்சியில் ஒரு கீறல் இருந்தது, நேற்று அதைப் பார்க்கவில்லை, கத்தி பட்டிருக்கும். நெற்றி. புருவம் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. கண். இடது பக்கம் யாரையோ பார்க்கிற கண். யாரை? அந்த வளையல் கைக்காரி வலது பக்கம் இருக்கிறாள், இது வேறு யாரோ, படம் எடுக்கும்போது கதவைத் திறந்துகொண்டு வந்த யாரோ. மூக்கு பாதி. அதோடு நின்றது. சுகந்தி மூச்சை விடாமல் குனிந்திருந்தாள், மூச்சு பட்டால்கூட நின்றுவிடும் என்பதுபோல. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறம். இன்னும் ஒரு விரல் அகலம் இறங்கினால் போதும். விரலால் கீழே இழுக்கப் பார்த்தாள், உடனே கையை எடுத்தாள், இழுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாலும் ஆரம்பிக்கும். அப்போது மொத்தமும் மறைந்தது. வெள்ளை. வெள்ளைக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டம், அதில் எழுத்து: இந்தக் கணக்கு வேறொரு கருவியில் திறக்கப்பட்டுள்ளது, இங்கே தொடர விரும்புகிறீர்களா?

முதலில் அவளுக்குத் தோன்றியது திருட்டு என்று. யாரோ நுழைந்துவிட்டார்கள், யாரோ அவர்கள் பெயரில் வேண்டாம் என்று தொடப் போகிறார்கள். அடுத்துத் தோன்றியது தத்தெடுப்பு அலுவலகம் என்று. நேற்றுப் பேசிய மேடம், நல்ல குரல், யோசித்துச் செய்யுங்கள் ஆனால் நேரத்துக்குள் செய்யுங்கள் என்று சொன்னவர், அவரே திறந்து மூடுகிறாரோ? அவர்களுக்கு எதற்கு எங்கள் கடவுச்சொல். தொடர்கிறேன் என்பதைத் தொட்டாள். சுவர் வந்தது, மொட்டை வந்தது, கீறல் வந்தது, கண் வருவதற்குள் மறுபடி வெள்ளை, மறுபடி அந்தக் கட்டம். வேறொரு கருவி. அந்தக் கருவியில் இருக்கிற ஆளும் இதே மாதிரி வெள்ளையைப் பார்த்து, இதே கேள்வியைப் பார்த்து, இதையே தொட்டுக்கொண்டிருக்கிறது. அவள் உள்ளே போனால் அது வெளியே விழுகிறது, அது உள்ளே வந்தால் அவள் வெளியே விழுகிறாள். பட்டறைப் பெயரும் வண்டி நம்பரும் தெரிந்த ஆள். அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் உலகத்தில்? ஒருத்தன். காலையில் வேண்டாம் என்று அமுத்திவிடு என்று சொன்னவன். அவள் அமுத்த மாட்டாள் என்று தெரிந்து, தானே அமுத்த வந்திருக்கிறான். அமுத்திவிடுவான். அமுத்திவிட்டானோ? இல்லை, அமுத்தியிருந்தால் முடிந்திருக்கும், பக்கமே இருக்காது. அமுத்துவதற்கு எத்தனை நேரம் ஆகும், ஒரு தொடல். ஒரு தொடலுக்கு வந்தவன் ஏன் திரும்பத் திரும்ப வருகிறான்? நாலு மணியிலிருந்து, அதற்கு முன்னாலும் எத்தனை நேரமோ, அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் அங்கே? அவன் ஃபோனில் படம் முழுசாக வரும், அது புது ஃபோன். அவனுக்கு மூக்கோடு நிற்காது. அவள் தொடர்கிறேன் என்பதற்கு மேலே விரலை வைத்துக்கொண்டே நின்றாள். தொட்டால் அவன் வெளியே விழுவான். அமுத்த முடியாது. ஐந்து மணி வரைக்கும் இப்படியே அவனைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம், ஆனால் அதுவும் வேண்டாம் என்றுதான் ஆகும். தொடாவிட்டால் அவன் உள்ளே இருப்பான். அவளுடைய விரலை அவளே பார்த்தாள், ஸ்பிரிட் வாசனை அடிக்கிற, நுனி தேய்ந்த விரல். எடுத்துவிட்டாள். என்ன நினைத்து எடுத்தாள் என்று தெரியவில்லை. அவன் பார்க்கட்டும் என்று இருக்கலாம். பயத்தில் இருக்கலாம். டேப்பை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் கல்லா மரத்தில் ஊன்றிக்கொண்டு நின்றாள். ரோட்டில் கரும்புச்சாறு வண்டியின் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஃபோன் அடித்தது. அவன்தான். எடுத்ததும் லேத் சத்தம் கேட்கும், எப்போதும் கேட்கும், இரும்பு சீவுகிற அந்தக் கூச்சலுக்கு மேலேதான் அவன் பேசுவான். இன்று சத்தம் இல்லை. மிஷினை நிறுத்தியிருந்தான்.

"அந்தப் பக்கம் சரியாவே வர மாட்டீங்குது சுகந்தி. மூடிப்போட்டாங்களா?"

மூடவில்லை, நான்தான் கடை டேப்பில் திறந்திருக்கிறேன், நான் திறந்தால் உங்களுக்குப் போய்விடும், நீங்கள் திறந்தால் எனக்குப் போய்விடும் என்று அவள் சொன்னாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருவது அவளுக்கே விநோதமாக இருந்தது. அதன் பிறகுதான் அவன் சொன்னான். மத்தியானத்திலிருந்து திறக்கிறானாம். அவள் அமுத்த மாட்டாள் என்று தெரியும், அதனால் தானே அமுத்திவிடலாம் என்று திறந்தானாம். அமுத்துவதற்கு முன்னால் ஒருமுறை படத்தைப் பார்த்துவிடலாம் என்று மேலே போனானாம். பார்த்துவிட்டுக் கீழே வந்தால் அமுத்தக் கை வரவில்லை, மறுபடி மேலே போனானாம். பட்டறை ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டானாம். இதையெல்லாம் இடையில் நிறுத்தி நிறுத்தி, வேறு யாரோ செய்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒதடு நல்லாத்தான் இருக்குது. கவினுக்கு இருந்தமாதிரி நீலமெல்லாம் இல்லை. பெருசு பண்ணிப் பாத்துட்டேன். நல்லாச் செவப்பா இருக்குது."

சுகந்தி கல்லா மரத்தை இறுகப் பிடித்தாள். அவன் குரலில் அந்தச் சிவப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டான், காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்த படியிலிருந்து. அவள் ஆமாங்க என்று சொன்னால் போதும். ஒரு சொல். ஆமாங்க, வேணும்னு அமுத்துங்க. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், நான்கு வருடம் முடிந்துவிடும், அந்தக் காதும் அந்த மஞ்சள் கவுனும் வீட்டுக்கு வந்துவிடும். உதட்டின் நிறத்தை நம்பக் கூடாது என்று அவனுக்கு எப்படித் தெரியும், அவன் இரும்பு வேலை செய்கிற ஆள், அவள் சொல்லாவிட்டால் தெரியப் போவதே இல்லை. என்றைக்காவது ஒருநாள் தெரியும். ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏதோ ஒரு டாக்டர் சொல்வார், இந்த வகைக்கு நீலமாகாதுங்க என்று. அப்போது அவன் அவளைத் திரும்பிப் பார்ப்பான். கையில் குழந்தை இருக்கும். அல்லது இருக்காது. சொன்னால் போய்விடுவான். சொல்லாவிட்டால் பிறகு போய்விடுவான். மணி நாலே முக்கால். பஸ் ஸ்டாண்டில் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டது ஒரு கணம் வந்து போயிற்று.

"அது வேற ஓட்டைங்க. இவளுக்கு இருக்கறதுக்கு ஒதடு நீலமாகாது. செவப்பா இருக்குதுன்னு அதை நம்பீராதீங்க. குடுக்கற மருந்தைப் பாத்தா ரொம்பச் சிரமப்படறாளாட்ட இருக்குது. ஆபரேஷன் பண்ணியே ஆகோணும். பண்ணி நல்லாப் போனவங்களும் இருக்காங்க. எல்லாரும் அப்பிடின்னு நான் சொல்ல முடியாதுங்க."

வைத்துவிட்டானா என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை. நொடி ஓடிக்கொண்டிருந்தது. நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். நினைத்ததும், நேற்றிலிருந்து இந்தக் குழந்தையைப் பற்றி இப்போதுதான் முதன்முதலாக அவள், இவள் என்று சொல்லியிருக்கிறோம் என்பதும் கூடவே தெரிந்தது. தெரிந்து என்ன. ஒரு வயசான மனிதர் மருந்துச் சீட்டோடு படியேறி வந்து கல்லா முன்னால் நின்றார். அவள் கையைத் தூக்கி, இருங்கள் என்று காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மருந்து எத்தனை வேளை?" என்று நல்லசிவம் கேட்டான்.

"காலைல ஒருக்கா, ராத்திரி ஒருக்கா. சொட்டு மருந்து அளவு துளி தப்பக் கூடாதுங்க."

"ராத்திரி நீ கடையை முடிச்சு வர்றக்குள்ள அவ தூங்கீருவா." என்றான். "அந்த வேளைக்கு நான் குடுத்துக்கறேன். எந்த அளவுன்னு மட்டும் பாட்டில்ல கோடு போட்டுக் குடு."

நீங்களே அமுத்துங்கள், நான் வெளியே வந்துவிடுகிறேன் என்று எப்படியோ சொல்லிவிட்டு, டேப்பின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கி மொத்தமாக அணைத்தாள். திரை கறுத்தது. கறுப்பில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. இனி அவள் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் அந்தப் பக்கம், ஒரு பட்டறையில் எண்ணெய் படிந்த கட்டைவிரலில் இருக்கிறது. அவனுக்குக் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும், ரேஷன் கடையில் நாலு முறை வைத்தால்தான் எடுக்கும், திரையில் தொட்டால் எடுக்குமோ எடுக்காதோ. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெரிய விரல். பார்த்துத் தொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, சொன்னால் நடுங்குவான் என்று அடக்கிக்கொண்டாள்.

"தொட்டுட்டேன்" என்றான். "சுத்தீட்டே இருக்குது. வெள்ளையாக் கெடக்குது."

"இருக்கட்டுமுங்க. ஒண்ணும் தொடாதீங்க. பின்னால மட்டும் போயிராதீங்க."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவன் மூச்சு இப்போது கேட்டது. ஃபோனைத் திரைக்கு நேராகப் பிடித்திருப்பான், ஸ்பீக்கரில் போட்டிருப்பான், யாரோ சைக்கிளில் போகிற சத்தம்கூடக் கேட்டது. சர்வர் வேலை செய்யவில்லை என்று வந்தால்? நேரம் முடிந்துவிட்டது என்று வந்தால்? அங்கே கடிகாரம் வேகமாக ஓடினால்? அந்த இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தது யாராக இருக்கும்? வேறு யாரோ ஒரு அப்பா அம்மாவாக இருந்து, அவர்களைப் பார்த்துத்தான் அந்த வாய் அப்படி நின்றிருந்தால்? பெரியவர் நாற்காலியில் செருமினார். சுகந்தி கண்ணை மூடினாள். மூடினால் மாடிப்படி வந்தது, உடனே திறந்துகொண்டாள்.

"வந்திருச்சு" என்றான் நல்லசிவம்.

என்ன போட்டிருக்கிறது என்று அவள் கேட்டாள். அவன் வாசித்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன் இல்லை அவன், பேப்பரை ஒரே மூச்சில் வாசிப்பான். இன்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். இந்தக் குழந்தை உங்களுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. வாசித்துவிட்டு நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து வாசித்தான். அதற்குக் கீழே என்னவோ தேதிகள், எப்போது வந்து பார்க்கலாம் என்பது, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பது. அதை வாசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, பொறவு கூப்பிடறேன் என்று வைத்துவிட்டான்.

சுகந்தி ஃபோனைக் கல்லாவில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மகிழ்ச்சியா என்று பார்த்தாள், அது எங்கேயோ இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வந்து நின்றது பயம்தான், இதுவரை இருந்ததைவிடப் பெரிய பயம், இனிமேல் ஒவ்வொரு நாளும் கூடவே எழுந்திருக்கப் போகிற பயம். இன்று ராத்திரி அங்கே அந்தச் சொட்டு மருந்தை யார் கொடுப்பார்கள்? அளவு பார்த்துக் கொடுப்பார்களா? பெரியவர் எழுந்து பக்கத்தில் வந்தார். அவர் அழுகிற பெண்ணைப் பார்த்துச் சங்கடப்பட்டு, சீட்டை நீட்டலாமா வேண்டாமா என்று கையைப் பாதியில் வைத்திருந்தார். என்னம்மா, ஏதாச்சும் கெட்ட சேதியா என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ற மகளுக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து எடுக்கத் திரும்பினாள்.